ஓய்வுக்குரிய ஆடையும் ஓய்வறியா உழைப்பும்: அத்லீஷர் ஆடைகள் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

ஆடை உடலை மறைப்பதற்கும் வெயில், குளிர் ஆகியவற்றிலிருந்து காப்பதற்கும் மட்டும் பயன்பட்ட பொருளன்று. ஒரு சமுதாயத்தில் யார் உழைக்கின்றனர், யார் ஓய்ந்திருக்கின்றனர், எது கண்ணியம் எனக் கொள்ளப்படுகின்றது என்பனவற்றையெல்லாம் அது காலந்தோறும் புலப்படுத்தி வந்துள்ளது. ஆதலினால் ஆடையின் வரலாற்றை ஆராய்வோர் சமுதாய வரலாற்றையே வேறொரு வாயில் வழியாக ஆராய்கின்றனர் எனலாம். கடந்த கால் நூற்றாண்டுக் காலத்தில் உலகச் சந்தையிற் பெருவழக்குப் பெற்றுள்ள ‘அத்லீஷர்’ என்னும் ஆடைவகையை அந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளையாட்டு வீரரைச் சுட்டும் ஆங்கிலச் சொல்லும் ஓய்வுநேரத்தைச் சுட்டும் ஆங்கிலச் சொல்லும் இணைந்து இப்பெயர் பிறந்தது. 2016ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மெரியம் வெப்ஸ்டர் அகராதி இதனைத் தன்னுட் சேர்த்துக்கொண்டது. உடற்பயிற்சிக்கென ஆக்கப்பட்டுப் பின்னர் கடைத்தெரு, பிரயாணம், விருந்து, அலுவலகம் என எல்லா இடங்களுக்கும் அணியப்படுகின்ற உடைகளை இது குறிக்கின்றது. உடலோடு ஒட்டிய லெக்கிங்ஸ், விளையாட்டு மார்க்கச்சை, இழுபடும் துணியாலான மேலாடை, மென்மையான காற்சட்டை என்பன இதன் முக்கிய வடிவங்கள். இவற்றை விற்கும் நிறுவனங்கள் வாங்குவோருக்கு மூன்று வாக்குறுதிகளை அளிக்கின்றன. முதலாவது உடலுக்கு இதம், இரண்டாவது செயற்றிறன், மூன்றாவது நாகரிகத் தோற்றம்.

தமிழில் ‘ஓய்வு’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. களைத்த உடல் இளைப்பாறுதல் ஒன்று. வேலையினின்றும் விடுபட்டுத் தன் விருப்பின்படி செலவிடத்தக்க நேரம் மற்றொன்று. அத்லீஷர் என்னும் பெயரில் உள்ள ஓய்வு இரண்டாம் பொருளுக்குரியது. அந்த ஓய்வை அணிபவர் யார், அதனைத் தைத்துக் கொடுப்பவருக்கு இருவகை ஓய்விலும் எஞ்சுவது எவ்வளவு என்பன நமது வினாக்கள். இவ்வகை ஆடைகளுள் கணிசமான பகுதி இலங்கையிலே தைக்கப்படுவதால், இவ்வினாக்கள் எமக்கு அயலானவையல்ல. முதலில் இவ்வாடை தோன்றிய வரலாற்றையும், அதன் பின்னர் மூன்று வாக்குறுதிகளையும், இறுதியாக உற்பத்திக் களத்தையும் நோக்குவோம்.

1. விளையாட்டுடை பொதுவுடையான வரலாறு

விளையாட்டுக்கென அமைந்த உடை பொதுவாழ்விற் புகுவது புதிய செய்தியன்று. பிரெஞ்சு டென்னிஸ் வீரரான ரெனே லக்கோஸ்த் 1920களில் விறைப்பான நீள்கைச் சட்டையை விடுத்துப் பின்னற்றுணியாலான அரைக்கைச் சட்டையை அணிந்து ஆடினார். 1933இல் அதனைத் தம் பெயரில் வியாபாரப் பொருளாக்கினார். டென்னிஸ் அக்காலத்தில் வசதி படைத்தோரின் ஆட்டமாக இருந்தமையால், அச்சட்டையை அணிவது அவ்வட்டத்தைச் சேர்ந்தவர் என்ற சாயலையும் கொடுத்தது. சட்டையின் மார்பிற் பொறிக்கப்பட்ட முதலைச் சின்னம் அச்சாயலை எவரும் காணச் செய்தது. வர்த்தக நாமம் ஆடையின் உட்புறத்திலிருந்து வெளிப்புறத்துக்கு வந்த தொடக்கநிலை எடுத்துக்காட்டுகளுள் இது ஒன்று.

இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் ஜேர்மனியில் டாஸ்லர் சகோதரர் இருவரும் பிரிந்து, 1948இல் பூமா நிறுவனத்தையும் 1949இல் அடிடாஸ் நிறுவனத்தையும் நிறுவினர். காலணி செய்துவந்த அடிடாஸ், 1967இல் உதைபந்தாட்ட வீரர் ஃபிரான்ஸ் பெக்கன்பவரின் பெயரால் ஒரு பயிற்சியுடையை வெளியிட்டு ஆடைத்துறையிற் புகுந்தது. அதே ஆண்டில், அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்து ஓட்டப் பயிற்றுநர் பில் பவர்மன் மெல்லோட்டம் பற்றிய நூலொன்றை வெளியிட்டு, ஓடுதல் சாதாரண மக்களுக்கும் உரியது என்னும் கருத்தைப் பரப்பினார். அவரும் அவருடைய மாணவர் பில் நைற்றும் 1964இல் தொடங்கிய காலணி வியாபாரமே 1971இல் நைக்கி என்னும் பெயரைப் பெற்றது.

இவ்வரலாற்றிற் பெண்களின் பங்கு தனியாக நோக்கப்பட வேண்டியது. 1972இல் அமெரிக்காவில் நிறைவேறிய கல்விச் சட்டத் திருத்தத்தின் ஒன்பதாம் பிரிவு, அரச நிதி பெறும் கல்வி நிறுவனங்களிற் பால் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடை செய்தது. பெண்கள் பெருந்தொகையாக விளையாட்டரங்கிற்குள் வந்தபோது அவர்களுக்கேற்ற உடை சந்தையில் இருக்கவில்லை. 1977இல் வெர்மொன்ற் மாநிலத்தைச் சேர்ந்த லீசா லின்டால், பொலி ஸ்மித், ஹின்டா மில்லர் ஆகிய மூவரும், ஆண்கள் விளையாடும்போது அணியும் இடைக்கச்சைகள் இரண்டை ஒன்றாகத் தைத்து, முதலாவது விளையாட்டு மார்க்கச்சையின் மாதிரியை ஆக்கினர். இன்று அத்லீஷர் கடைகளின் தலையாய பண்டங்களுள் ஒன்றாக விளங்கும் பொருள், பெண்கள் தம் உடலின் தேவையைத் தாமே உணர்ந்து கண்டுபிடித்த ஒன்றாகும் என்பது மனங்கொள்ளத்தக்கது. 1982இல் நடிகை ஜேன் ஃபொன்டா வெளியிட்ட உடற்பயிற்சி ஒளிநாடா, வீட்டுக் கூடத்தையே பயிற்சிக்கூடமாக்கியது. அதே தசாப்தத்தில் நியூயோர்க் நகரத்துக் கறுப்பின இளைஞர் விளையாட்டுக் காலணியையும் பயிற்சியுடையையும் தெருவின் உடையாக்கினர். 1986இல் றன் டி.எம்.சி. இசைக்குழுவினர் அடிடாஸ் காலணியைப் புகழ்ந்து பாடியபின்னரே அந்நிறுவனம் அவர்களோடு ஒப்பந்தஞ் செய்தது. அடித்தளத்து மக்கள் ஆக்கிய பாணியை மூலதனம் பின்தொடர்ந்து சென்று உரிமையாக்கிக் கொள்ளும் முறைக்கு இது தெளிவான சான்று.

இவ்வாறு பல கிளைகளாக வந்த ஓட்டம் 1990களின் இறுதியில் ஒன்றுசேர்ந்தது. 1996இல் கெவின் பிளாங்க், வியர்வையில் ஊறாத உட்சட்டையை அமெரிக்க உதைபந்தாட்ட வீரருக்கு விற்பதற்காக அண்டர் ஆர்மர் நிறுவனத்தைத் தொடங்கினார். 1998இல் கனடாவின் வான்கூவர் நகரிற் சிப் வில்சன், யோகப் பயிற்சி செய்யும் பெண்களுக்கென லூலூலெமன் நிறுவனத்தைத் தொடங்கினார். அதே ஆண்டில் தோன்றிய அத்லெட்டாவை 2008இல் காப் நிறுவனம் வாங்கியது. லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் அலோ யோகா (2007), இங்கிலாந்தின் ஜிம்ஷார்க் (2012), கலிபோர்னியாவின் வியோரி (2015) என்பன பின்னர் வந்தவை. இவற்றுள் லூலூலெமனின் வளர்ச்சியே இவ்வகையின் வளர்ச்சிக்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றது. 2024ஆம் நிதியாண்டில் அதன் வருமானம் 1,000 கோடி அமெரிக்க டொலரைத் தாண்டியது.

2. இதம் எங்கிருந்து வருகின்றது?

இவ்வாடைகளை உடுத்தோர் முதலிற் கூறுவது அவற்றின் இதத்தையே. அதனை விளம்பர வார்த்தை எனத் தள்ளிவிட இயலாது. அதற்குப் பௌதிக அடிப்படை உண்டு. 1958இல் அமெரிக்காவின் டூபொன்ட் நிறுவனத்தைச் சேர்ந்த இரசாயனவியலாளர் ஜோசப் ஷிவர்ஸ், ஸ்பாண்டெக்ஸ் அல்லது எலாஸ்டேன் எனப்படும் இழையை உருவாக்கினார். லைக்ரா என்பது அதற்கு அந்நிறுவனம் இட்ட வர்த்தக நாமம். இவ்விழையின் மூலக்கூற்றுச் சங்கிலியிற் சுருண்டு கிடக்கும் மென்பகுதிகளும், ஒன்றோடொன்று பிணைந்து நிற்கும் வன்பகுதிகளும் மாறிமாறி அமைந்துள்ளன. இழுக்கும்போது மென்பகுதிகள் விரிகின்றன. விட்டவுடன் வன்பகுதிகளின் பிணைப்பு அவற்றைப் பழைய நிலைக்கு மீட்கின்றது. இதனால் இவ்விழை தன் நீளத்தின் ஐந்து மடங்கு வரை நீண்டும் மீளவல்லது. இறப்பரைவிட மெல்லியது, சாயம் ஏற்பது, வியர்வையால் எளிதிற் பழுதடையாதது.

எனினும் இழை தனியே ஆடையாகாது. லூலூலெமனின் ‘அலைன்’ என்னும் லெக்கிங்ஸின் துணியில் 81 வீதம் நைலோனும் 19 வீதம் எலாஸ்டேனும் கலந்துள்ளன. நெய்த துணியில் இழைகள் நேர்கோட்டிற் குறுக்கும் நெடுக்குமாகச் செல்கின்றன. இங்கு பயன்படுவதோ பின்னற்றுணி. அதன் இழைகள் கண்ணிகளாக ஒன்றையொன்று பற்றி நிற்பதால், துணியின் அமைப்பே நாற்புறமும் இழுபட இடந்தருகின்றது. குந்தி எழுந்தாலும் கால்களை அகட்டினாலும் ஆடை உடலைத் தடுப்பதில்லை.

மூன்றாவது காரணம் தையல். சாதாரண உடையில் இரு துண்டுகளின் விளிம்புகளை ஒன்றன்மேலொன்றாக வைத்துத் தைப்பதால் உட்புறத்தில் ஒரு வரம்பு எழுந்து நிற்கும். ஓடும்போது அவ்வரம்பு தோலை உராய்ந்து புண்ணாக்கும. பயிற்சியுடையிலோ விளிம்புகளைப் பக்கம் பக்கமாகச் சேர்த்து, மேலும் கீழும் நூல்கள் பரந்து மூடுமாறு தட்டையாகத் தைக்கின்றனர். நான்கு ஊசியும் ஆறு நூலும் கொண்ட ‘ஃபிளாட்லொக்’ இயந்திரம் இதற்கு வேண்டும். இழுபடும் துணியை அவ்வியந்திரத்துட் செலுத்துபவர் அதனைச் சிறிது கூடுதலாக இழுத்தாலும் தையல் அலை அலையாக நெளியும், தளரவிட்டாற் சுருங்கும். கவட்டுப் பகுதியில் நான்கு தையல்கள் ஓரிடத்திற் சந்திக்காதவாறு பொருத்தப்படும் சாய்சதுரத் துண்டு இன்னும் நுட்பமான வேலை. ஆக, அணிபவர் தம் தோலில் ‘எதுவுமே உறுத்தவில்லை’ என உணரும் அந்த இன்மை, தைப்பவர் விரல்களின் கட்டுப்பாட்டினால் ஆக்கப்பட்டது. இதம் துணியின் இயல்பாகத் தோன்றினும் அதிற் பெரும்பகுதி உழைப்பின் இயல்பாகும்.

3. செயற்றிறன்: தேவையும் தோற்றமும்

இரண்டாம் வாக்குறுதி வியர்வை பற்றியது. பருத்தியிழை தன் எடையில் ஏறத்தாழ 8 வீதம் ஈரத்தைக் காற்றிலிருந்து ஏற்று வைத்திருக்கும். பொலியெஸ்டர் ஏற்பது அரை வீதத்திற்கும் குறைவு. எனவே பருத்தி உடை வியர்வையிற் கனத்து உடலோடு ஒட்டிக்கொள்ள, பொலியெஸ்டர் உடையில் ஈரம் இழையினுட் புகாது இழைகளுக்கிடையேயுள்ள நுண்ணிய வழிகளிற் பரவி, வெளிப்புறத்தை அடைந்து ஆவியாகின்றது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இதே நியதியாலேயே. நீண்டதூரம் ஓடுபவருக்கு இது உண்மையான நன்மை.

எனினும் இவ்வாடை அணிவோரிற் பலர் அதனை அணிந்து ஓடுவதில்லை. கோப்பிக் கடையில் அமர்ந்திருக்கும் ஒருவருக்கு வியர்வையகற்றும் துணியின் பயன் மிகச் சிறிதே. அவர் பெறுவது, செயல்புரியத் தயாராக இருக்கும் உடல் என்னும் தோற்றம். இங்கே பயன்மதிப்பு தன் இடத்தைக் குறிமதிப்புக்கு விட்டுக்கொடுக்கின்றது. இப்பயன்மதிப்புக்கும் ஒரு விலை உண்டு. உலகில் இன்று உற்பத்தியாகும் இழைகளுட் பாதிக்கு மேற்பட்டது பொலியெஸ்டர், அது பெரும்பாலும் பெற்றோலியத்திலிருந்து பெறப்படுவது, ஒவ்வொரு சலவையிலும் நுண்துகள்களை நீரிற் கலப்பது, மண்ணில் மக்காதது.

2013ஆம் ஆண்டில் நிகழ்ந்தவை செயற்றிறன் பற்றிய பேச்சின் மறுபக்கத்தைக் காட்டின. அவ்வாண்டு மார்ச்சில் லூலூலெமனின் கறுப்பு லெக்கிங்ஸ் அளவுமீறி ஊடுதெரிவதாகக் கண்டறியப்பட்டு, கடைகளிலிருந்த பெண்களுக்கான அவ்வகை உடைகளில் ஏறத்தாழ 17 வீதம் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. துணியை வழங்கிய தாய்வான் நிறுவனம், கேட்கப்பட்ட தரத்திற்கமையவே தான் வழங்கியதாகத் தெரிவித்தது. நவம்பரில் நிறுவனர் சிப் வில்சன் தொலைக்காட்சிப் பேட்டியொன்றில், சில பெண்களின் உடல்கள் அவ்வுடைக்குப் பொருந்துவதில்லை எனும் கருத்துப்படப் பேசினார். கண்டனம் எழுந்தது, டிசம்பரில் அவர் தலைவர் பதவியை விட்டு விலகுவதாக அறிவிக்கப்பட்டது. பண்டத்தின் குறை முதலில் உற்பத்தியாளர் மீதும் பின்னர் அணிபவரின் உடல் மீதும் சார்த்தப்பட்ட முறை கவனத்திற்குரியது. உடலுக்காக உடை என்பது மாறி, உடைக்காக உடல் என்னும் நிலை அங்கு வெளிப்பட்டது.

4. நாகரிகத் தோற்றமும் ஓய்வின் காட்சியும்

மூன்றாம் வாக்குறுதியை விளங்கிக்கொள்ள அமெரிக்கப் பொருளியலாளர் தோர்ஸ்டீன் வெப்லன் 1899இல் எழுதிய ‘ஓய்வு வர்க்கம் பற்றிய கோட்பாடு’ என்னும் நூல் துணைசெய்யும். உயர்குடியினரின் உடை, அதனை அணிபவர் உற்பத்தி வேலை எதனையும் செய்வதில்லை, செய்யவும் இயலாது என்பதை ஊரறியக் காட்டுவது என்பது அவரது விளக்கம். பளபளக்கும் தொப்பி, அழுக்குப் படாத வெள்ளைத் துணி, உயர்ந்த குதிக்காலணி, இடையை இறுக்கும் கச்சு என்பன உழைப்புக்கு இடையூறாக இருந்தமையாலேயே மதிப்புப் பெற்றன.

அத்லீஷர் இவ்விளக்கத்தைப் பொய்ப்பிப்பதாக முதற்பார்வையிற் தோன்றும். இவ்வாடை உடலைத் தடுப்பதற்குப் பதிலாக விடுவிக்கின்றது. அசைவையும் வியர்வையையும் மறைக்காமற் போற்றுகின்றது. ஆயினும் ஆழ்ந்து நோக்கின், வெப்லன் கண்ட உண்மை வேறு வடிவிற் தொடர்வதைக் காணலாம். மேலைநாடுகளில் வசதி படைத்தோரின் தொழில் இன்று பெரும்பாலும் மேசையும் கணினியும் சார்ந்தது. அங்கே உடலுழைப்பு வாழ்க்கைத் தேவையாக இல்லை. அது விலை கொடுத்துப் பெறும் ஒரு வாய்ப்பு. காலை பத்து மணிக்கு யோக வகுப்புக்குச் செல்வதற்கு நேரம் வேண்டும், கட்டணம் வேண்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். பண்டமெதையும் உற்பத்தி செய்யாத அந்த உடற்பயிற்சியின் அடையாளத்தை நாள் முழுவதும் அணிந்திருப்பது, தன் நேரம் தன் கையில் இருக்கின்றது என்று அறிவிப்பதாகும். அன்று ஓய்வு அசையாமையாற் காட்டப்பட்டது. இன்று அசைவினாற் காட்டப்படுகின்றது.

யோகப் பயிற்சியின் வரலாறும் இதனை ஒட்டியே மாறியுள்ளது. 1930களில் மைசூர் அரண்மனையின் ஆதரவில் கிருஷ்ணமாச்சாரியார் கற்பித்த ஆசனங்களுக்குக் கோவணம் அல்லது அரைக்காற்சட்டைக்கு மேல் உடை வேண்டியிருக்கவில்லை. அவருடைய மாணவர்களான பி.கே.எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ் ஆகியோர் வழியாக மேற்கை அடைந்த அப்பயிற்சி, இன்று பெருந்தொகைப் பணம் புரளும் உடை வியாபாரமொன்றுக்கு வாயிலாகியுள்ளது.

இவற்றைக் கூறுவதனால் இதமான உடையை இகழ்வது நமது நோக்கம் எனக் கொள்ளலாகாது. இடையை நெரித்த கச்சிலிருந்தும் நடையைக் கெடுத்த பாவாடையிலிருந்தும் பெண்கள் விடுபட்டமை வரலாற்றின் முன்னேற்றமே. உடலுக்கு இதமளிக்கும் உடை எல்லா மனிதருக்கும் உரியது. அது எவ்வகைச் சமுதாய உறவுகளின் ஊடாக ஆக்கப்பட்டு எவரைச் சென்றடைகின்றது என்பதே ஆராயப்பட வேண்டியது.

5. உற்பத்திக் களம்: இலங்கை

லூலூலெமன் தனக்கென ஒரு தொழிற்சாலையையேனும் வைத்திருப்பதில்லை. வடிவமைப்பு, விளம்பரம், விற்பனை, பெயர் என்பன அதன் உடைமை, தையல் பிறருடையது. அதன் 2024ஆம் நிதியாண்டு அறிக்கையின்படி அதன் பண்டங்களுள் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கு வியட்நாமிலும், ஆறில் ஒரு பங்கு கம்போடியாவிலும், பத்தில் ஒரு பங்கிற்குச் சற்று மேற்பட்டது இலங்கையிலும் தைக்கப்பட்டன. இத்துறையின் ஏனைய பெருநிறுவனங்களும் பெரும்பாலும் இம்முறையையே கையாள்கின்றன.

இலங்கை இவ்விடத்தை அடைந்தமைக்கு நீண்ட பின்னணி உண்டு. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1978இற் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் உருவானது. பல்லிழை ஒப்பந்தத்தின் கீழ் வளர்ந்த நாடுகள் ஒவ்வொரு நாட்டுக்கும் இறக்குமதிப் பங்கு வகுத்திருந்தமையால், பங்கு தேடிய மூலதனம் இங்கு வந்தது. 1992இல் தொடங்கிய இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் அத்தொழிலைக் கிராமங்களுக்குக் கொண்டு சென்றது. 2005 ஜனவரி 1ஆந் திகதி பங்குமுறை முற்றாக ஒழிந்தபோது, மலிவான சாதாரண உடையிற் சீனாவோடும் பங்களாதேஷோடும் போட்டியிட இலங்கையால் இயலவில்லை. நுட்பம் வேண்டும் உடைகளே அதற்கு எஞ்சிய வழி. 1987இல் தொடங்கப்பட்ட மாஸ் ஹோல்டிங்ஸ் நிறுவனம் பெண்களின் உள்ளாடையில் வளர்ந்தது. மார்க்கச்சை தைப்பதென்பது பல சிறு துண்டுகளை, இழுபடும் நாடாக்களோடு, மில்லிமீற்றர் பிசகாமல் இணைக்கும் வேலை. அவ்வேலையிற் பழகிய கைகளும் முறைகளும் நீச்சலுடைக்கும் பயிற்சியுடைக்கும் எளிதில் மாறின. இன்று அந்நிறுவனம் லூலூலெமன், நைக்கி முதலியவற்றுக்குப் பண்டம் வழங்குகின்றது. ஆகவே இலங்கையின் பங்கு ‘மலிந்த கூலி’ என்ற சொல்லோடு அடங்குவதன்று. பல்லாயிரம் பெண்களிடம் தேங்கியுள்ள தொழிலறிவு அதன் அடித்தளம்.

ஆடைத்தொழில் நாட்டின் பண்ட ஏற்றுமதி வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்பட்டதை ஈட்டுகின்றது. 2024இல் ஆடை ஏற்றுமதியின் பெறுமதி 450 கோடி டொலரைத் தாண்டியது. மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் இதில் நேரடியாக வேலை செய்கின்றனர். அவர்களுட் பெரும்பான்மையோர் பெண்கள். யுத்தம் முடிந்த 2009இன் பின்னர் இத்தொழில் வடக்குக்கும் விரிந்தது. கிளிநொச்சியில் மாஸ் நிறுவனம் அமைத்த தொழிற்சாலைகள் ‘விடியல்’, ‘வானவில்’ எனத் தமிழ்ப் பெயர் பெற்றன. யுத்தத்திற் கணவரையோ தந்தையையோ இழந்த பெண்களுக்கு அவை மாதச் சம்பளத்தைக் கொடுத்தன என்பது மறுக்கப்படலாகாது. மலையகத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் தமிழ்ப் பெண்கள் கட்டுநாயக்காவுக்குச் சென்று வாடகை அறைகளிற் தங்கி வேலை செய்வதும் இக்காலத்தில் அதிகரித்துள்ளது. மொழி புரியாத மேற்பார்வையாளர், தொழிலாளியைத் தனதென ஏற்காது முகவர் வழியாக நாட்கூலிக்கு அமர்த்தும் முறை ஆகியன அவர்களின் நிலையை மேலும் பலவீனமாக்குகின்றன.

தொழிற்சாலையில் நேரம் எவ்வாறு அளக்கப்படுகின்றது என்பதை அறிந்தாலன்றி இவ்வுழைப்பின் தன்மை விளங்காது. ஒவ்வொரு தையலுக்கும் ‘நியம நிமிடம்’ ஒன்று வகுக்கப்பட்டுள்ளது. ஒரு தையலுக்கு அரை நிமிடம் என வகுத்தால், மணித்தியாலத்துக்கு 120 துண்டுகள் என்பது முழு இலக்காகும். வரிசையின் தலைப்பில் உள்ள பலகையில் மணிக்கு மணி எண்ணிக்கை எழுதப்படும். ஒருவர் பிந்தினால் அவருக்குப் பின்னாலுள்ள வரிசை முழுவதும் தடைப்படும், ஊக்கக் கொடுப்பனவு குறையும், சகதொழிலாளரே கண்காணிப்பாளராவர். நீர் அருந்துவதும் மலசலகூடஞ் செல்வதும் இக்கணக்கினுள் அடங்கும் செயல்கள். அணிபவருக்குத் தன் நேரம் தன் கையில் என்னும் உணர்வைத் தரும் ஆடை, நிமிடத்தின் பின்னங்களாகப் பிறரால் அளக்கப்பட்ட நேரத்தினால் ஆக்கப்படுகின்றது.

விலையையும் கூலியையும் ஒருங்கு வைத்து நோக்குவோம். நாம் மேலே குறிப்பிட்ட அலைன் லெக்கிங்ஸ் அமெரிக்காவில் நெடுங்காலம் 98 டொலருக்கு விற்கப்பட்டது. ஒரு டொலர் ஏறத்தாழ 300 ரூபாவாக இருந்த 2025இல் இது 29,400 ரூபாவாகும். அவ்வாண்டு ஏப்ரலில் இலங்கையின் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் உயர்த்தப்பட்டு 27,000 ரூபாவாகியது. மேலதிக நேர வேலை, ஊக்கக் கொடுப்பனவு, வரவுக் கொடுப்பனவு என்பவற்றாற் தொழிலாளர் பலர் இதனினும் கூடுதலாகப் பெறுகின்றனர் என்பது உண்மை. எனினும் சட்டம் ஒரு மாதத்து மனித உழைப்புக்கு இட்ட அடிமட்ட மதிப்பு, ஒரு சோடிக் காலுடையின் சில்லறை விலையை எட்டவில்லை. அக்கொடுப்பனவுகளும் பெரும்பாலும் ஓய்வை விற்றே பெறப்படுகின்றன என்பதை மறத்தலாகாது.

2016இல் பாடகி பியோன்சேயின் ‘ஐவி பார்க்’ வர்த்தக நாமம் வெளிவந்தபோது, அவ்வுடையை இலங்கையிற் தைக்கும் பெண்கள் மிகக் குறைந்த நாட்கூலியே பெறுகின்றனர் எனப் பிரித்தானியப் பத்திரிகையொன்று குற்றஞ்சாட்டியது. தமது வாணிப நெறிமுறைகள் கண்டிப்பானவை எனக் கூறி அந்நிறுவனம் அதனை மறுத்தது. பெண்களின் ஆற்றலைப் போற்றுவதாகக் கூறிய ஒரு பண்டத்தின் பின்னால் நிற்கும் பெண்கள் யாவர் என்ற கேள்வி, உலகச் செய்தியாகியது அவ்வேளையிலேயே. ஏற்றுமதியாளர் சங்கத்தினர் 2006 முதல் ‘குற்றவுணர்வற்ற ஆடை’ என்னும் பொருள்பட நடத்திய பிரசாரமும் நினைவுகூரத்தக்கது. சிறுவர் உழைப்பின்மை, கட்டடப் பாதுகாப்பு ஆகியவற்றில் இலங்கை பல நாடுகளைவிட முன்னிற்கின்றது. ஆயின் தொழிற்சங்க உரிமையும் வாழ்வதற்குப் போதுமான ஊதியமும் இன்னும் தீராத வழக்குகளாகவே உள்ளன.

இங்கே பெயர் பற்றிய ஒரு முரண்பாட்டைச் சுட்டுதல் பொருந்தும். வர்த்தக நாமம் பொறித்த உடை அணிபவருக்கு மதிப்பைக் கொடுக்கின்றது. கட்டுநாயக்காவில் வேலை செய்த பெண்களுக்கும் ஊரார் ஒரு வர்த்தக நாமத்தைச் சூட்டினர். அவர்கள் இயக்கிய யப்பானியத் தையல் இயந்திரத்தின் பெயரான ‘ஜூக்கி’ என்பதே சிங்கள வழக்கில் அவர்களைச் சுட்டும் இழிசொல்லாயிற்று. அதற்கு எதிராக அப்பெண்களே வேறொரு பெயரை முன்வைத்தனர். 1984 முதல் வலயத்துப் பெண் தொழிலாளருக்காக வெளிவந்த பத்திரிகைக்கு ‘தாபிந்து’ எனப் பெயரிடப்பட்டது. வியர்வைத் துளி என்பது அதன் பொருள்.

6. ஓய்வு யாருக்கு?

2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலம் நாம் கூறிவரும் உறவைத் தெளிவாகக் காட்டியது. மேலைநாடுகளில் அலுவலக ஊழியர் வீட்டிலிருந்து வேலை செய்தபோது, கோட்டும் கழுத்துப்பட்டியும் தேவையற்றுப் போக, இதமான உடை நாள் முழுவதற்குமான உடையாகியது. 2019இல் ஏறத்தாழ 400 கோடி டொலராக இருந்த லூலூலெமனின் வருமானம், 2020இல் 440 கோடியாகவும் 2021இல் 620 கோடிக்கு மேலும் உயர்ந்தது. ஆனால் தையல் இயந்திரத்தை வீட்டிலிருந்து இயக்க இயலாது. 2020 ஒக்டோபரில் மினுவாங்கொடையில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளருக்கு நோய் தொற்றியது கண்டறியப்பட்டது. ஆடைத் தொழிலாளர் நோய் பரப்புவோராகச் சுட்டப்பட்டனர். ஒரு சாராரின் வீட்டிருப்பு, வீட்டிலிருக்க இயலாத மற்றொரு சாராரின் வேலையிற் தங்கியிருந்தது.

வேலைக்காலம் முடிந்தபின் வரும் ஓய்வும் இவ்வினாவுக்குள் அடங்கும். 2011இல் தனியார்துறை ஓய்வூதியச் சட்டமூலம் தம் சேமிப்பைப் பாதிக்கும் எனக் கருதிய கட்டுநாயக்காத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வீதியில் இறங்கினர். மே 30ஆந் திகதி பொலிசார் சுட்டதில் இளந்தொழிலாளி ஒருவர் காயமுற்று உயிரிழந்தார். அதன்பின் அச்சட்டமூலம் கைவிடப்பட்டது. ஓய்வு என்பது இவ்வுழைப்பாளருக்குக் கடையில் வாங்கும் பாணியாக அமையவில்லை. போராடிக் காக்கவேண்டிய உரிமையாகவே அமைந்தது.

போராட்டங்கள் பயனற்றுப் போகவில்லை என்பதற்கு உலக அனுபவமும் சான்று. 1990களில் மாணவரும் தொழிற்சங்கத்தினரும் நடத்திய எதிர்ப்பின் விளைவாக, 1998இல் பில் நைற், நைக்கியின் பெயர் அடிமைக்கூலியோடு சேர்த்துப் பேசப்படுவதைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டு, காலணித் தொழிற்சாலைகளிற் குறைந்தபட்ச வயதை 18 ஆக்குவதாக அறிவித்தார். 2005இல் அந்நிறுவனம் தனக்குப் பண்டம் வழங்கும் தொழிற்சாலைகளின் பட்டியலை வெளியிட்டது. எந்த ஆடை எங்கே தைக்கப்படுகின்றது என்பதை இன்று நாம் அறியக்கூடியதாக இருப்பது, அத்தகைய போராட்டங்களின் பேறாகும்.

மார்க்ஸ் 1867இல் வெளியிட்ட ‘மூலதனம்’ நூலில், மனிதருக்கிடையிலான உறவு பண்டங்களுக்கிடையிலான உறவாகத் தோற்றமளிக்கும் மாயையை விளக்கினார். அத்லீஷர் அம்மாயைக்கு நம் காலத்து எடுத்துக்காட்டு. இதம், செயற்றிறன், நாகரிகத் தோற்றம் ஆகிய மூன்றும் பண்டத்துள் உறையும் குணங்களாகக் காட்சியளிக்கின்றன. ஆராய்ந்து நோக்கின், இதம் தைப்பவரின் தேர்ச்சியாகவும், செயற்றிறன் தொழில்நுட்பமும் உழைப்பும் இணைந்த விளைவாகவும், தோற்றம் நேரமும் பணமும் உடையோரின் நிலையாகவும் விரிகின்றன.

எனவே பண்டத்தை வெறுப்பதாலோ அணிபவரைக் குறைகூறுவதாலோ இதற்குத் தீர்வு பிறக்காது. சில்லறை விலையில் உழைப்புக்குரிய பங்கு உயர்தல், மேலதிக நேரமின்றியே வாழப் போதுமான அடிப்படைச் சம்பளம், முகவர் இன்றி நேரடி வேலைவாய்ப்பு, தாய்மொழியிற் தொழில் நடத்தை, தடையற்ற தொழிற்சங்க உரிமை என்பனவே நடைமுறைக் கோரிக்கைகளாக அமையவேண்டும். இவ்விடயத்திற் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு கடமை உண்டு. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் இத்தொழிலிற் புகுந்துள்ள தமிழ்ப் பெண்களின் வாழ்க்கை, ஊதியம், உடல்நலம், குடும்ப உறவுகள் ஆகியன பற்றித் தமிழில் நடைபெற்ற ஆய்வுகள் மிகச் சிலவே. அத்தகைய ஆய்வுகள் பெருகும்போதுதான், உலகின் ஓய்வைத் தைக்கும் கைகளுக்கும் ஓய்வு உரியது என்னும் கோரிக்கை உணர்ச்சியளவில் நில்லாது ஆதாரபூர்வமான சமுதாயக் கோரிக்கையாக வலுப்பெறும்.